ஸ்டோர் ஜன்னல் மெக்கானிக்

பட்டறைக்குள் முதலில் வந்தது கார் அல்ல, பெயிண்ட் டப்பா.

வீட்டின் இடப்பக்கம் தகரக் கூரை போட்ட கார் ஷெட் ஒன்று இருந்தது. கார் இல்லாத வீட்டின் கார் ஷெட் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும் ஆகியிருந்தது. பஞ்சரான சைக்கிள், ஒரு கால் போன நாற்காலி, எதற்காவது உதவும் என்று மனைவி எடுத்துவைத்த அட்டைப்பெட்டிகள், அவற்றுக்குள் இன்னும் சின்ன அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றையும் அவர் இரண்டே நாளில் காலி செய்தார். தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார். ஒரு வாரம் காயவிட்டு, வெளிர் சாம்பல் நிறத்தில் இரண்டு கோட் அடித்தார். இந்த நிறத்தில்தான் எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினாலும் கண்ணுக்குத் தெரியும், விழுந்த நட்டும் தொலையாது என்று எதிர்வீட்டு டீச்சரிடம் விளக்கினார்.

பிறகு சுவர். ஆறடி நீளத்துக்கு வெள்ளைப் பலகை ஒன்றை அறைந்தார். ஒவ்வொரு ஸ்பானரையும் அதன்மேல் வைத்து, கறுப்பு மார்க்கரால் சுற்றி வரைந்து, வரைந்த இடத்தில் ஆணி அடித்து மாட்டினார். ஸ்பானரை எடுத்தால் அதன் உருவம் மட்டும் பலகையில் நிற்கும். எது வெளியே போயிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சுத்தியல், இடுக்கி, திருப்புளி, வீல் ஸ்பானர் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு இடம். கீழே மேஜை. மேஜைக்கு அடியில் நாற்பத்தெட்டு சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் உள்ளே இருப்பதன் பெயரும் அளவும். கதவோரம் தீயணைக்கும் சிலிண்டர், அதன் பக்கத்தில் மணல் வாளி.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவது வீட்டுத் தையல்காரர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இது பட்டறையா ஆஸ்பத்திரியா?" என்றார். "உள்ள வர வண்டிக்கே கூச்சமா இருக்குமே."

அவருக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு பெரிய கார் சர்வீஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் வேறு கம்பெனிகளுக்கு அலைந்துகொண்டிருந்தபோது இவர் மட்டும் வீட்டிலேயே பட்டறை வைக்கப் போவதாகச் சொன்னார். தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே 'மெக்கானிக்' தான்.

அவர் மெக்கானிக் இல்லை என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் வேலை பார்த்தது கம்பெனியின் ஸ்டோரில். கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் உத்தரம்வரை அலமாரிகள். மெக்கானிக்குகள் ஜன்னலில் சீட்டை நீட்டுவார்கள். சீட்டைப் பார்த்து, பட்டியலில் பாக எண்ணைக்கூடத் தேடாமல் நேராகப் போய் அந்தப் பாகத்தை எடுத்துவந்து கொடுப்பார். எந்த மாடலுக்கு எந்த வளையம், எந்த வருஷத்தோடு எந்த போல்ட்டின் நீளம் மாறியது என்பதெல்லாம் விரல்நுனியில். ஆனால் அவர் கொடுத்த பாகம் வண்டிக்குள் போய் உட்காருவதை அவர் கிட்டே நின்று பார்த்ததில்லை. ஸ்டோரைப் பூட்டாமல் வெளியே வரக்கூடாது என்பது விதி.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். யாரும் மறைக்கத் திட்டம் போடவில்லை. பெண் பார்த்த சமயத்தில், நடுவில் நின்று பேசியவர் "பெரிய கம்பெனில மெக்கானிக்" என்று சொல்லிவைத்தார். திருத்தவேண்டும் என்று இவர் வாயெடுத்தார். அதற்குள் பெண்ணின் அப்பா, "கைத்தொழில் இருக்கிற ஆளு, எங்க போனாலும் பொழச்சுக்குவாரு" என்று பூரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். முடிந்தது. முதல் குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்தார். பிறந்தது. அதற்கப்புறம் சொல்வதற்கு நாள் வரவில்லை. ஸ்டோரில் இருப்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரே நீலச் சட்டை. பகலெல்லாம் ஜன்னலில் கேட்ட பேச்சு சாயங்காலம் தெருவில் அவர் வாயிலிருந்து வரும். யாராவது வண்டியைக் காட்டினால், "இங்க வெச்சுப் பாக்க முடியாது, கம்பெனிக்குக் கொண்டு வாங்க" என்பார். அங்கே யாராவது ஒரு மெக்கானிக் சரிசெய்து கொடுப்பார். நல்ல பெயர் இவருக்கு வந்து சேரும்.

இப்போது கம்பெனி இல்லை. எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். அதனால் அடுக்கினார்.

மூன்று மாதம் அடுக்கினார். இழுப்பறைகளை அளவின்படி வைத்தார், பிறகு எல்லாவற்றையும் எடுத்து உபயோகத்தின்படி வைத்தார். விளக்கை இடது மூலைக்கு மாற்றினார். மேஜையை இரண்டு அங்குலம் உயர்த்தினார். மனைவி தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் கிளம்பும்போதும் ஒரு ஸ்குரூ டப்பாவோடு உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் அதே டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்.

"ஏங்க, இன்னும் எத்தனை நாளைக்கு அடுக்கிட்டே இருப்பீங்க?" என்றாள் ஒருநாள். "வண்டி எப்ப வரும்?"

"அவசரப்பட்டா ஆகுமா? ஒண்ணு எடுக்க ஒண்ணு தேடற பட்டறை உருப்படாது."

"டீச்சரம்மா ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க. அவங்க கார்ல பிரேக் போட்டா கீச்சுங்குதாம். நாளைக்குக் கொண்டு வரச் சொல்லிட்டேன்."

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரேக் பேட் மாற்றும் வேலை. மெக்கானிக்குகள் பேசிக்கொண்டே முடித்துவிடும் வேலை அது. அவர் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான பேட்களை எடுத்துக் கொடுத்த கை அது. எந்தப் பக்கம் உள்ளே, எந்தக் கிளிப் எங்கே என்பதெல்லாம் தெரியும். ஜாக்கி வைத்துத் தூக்கினார். அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றினார். பழைய பேட்களை எடுத்துப் புதியவற்றை உட்கார வைத்தார். எங்கும் தப்பு நேரவில்லை. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கமும் முடிந்தது. அப்போது அவருக்குள் ஒரு குதூகலம் எழுந்தது. இவ்வளவுதானா? இதற்கா இருபத்திரண்டு வருஷம் பயந்து செத்தோம்?

சக்கரத்தின் நட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முழுதாக இறுக்க முடியாது. சக்கரம் கூடவே சுற்றும். பிடிக்கிற அளவுக்குத் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கியபின் பலம் கொடுத்து இறுக்கவேண்டும். அதுவும் அவருக்குத் தெரியும். வலது பக்கம் அப்படித்தான் செய்தார். இடது பக்கம் நட்டுகளைத் திருகிவிட்டு, வீல் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு, வண்டியை இறக்கினார். நிமிர்ந்தார். எதிரே பலகை. எல்லா ஸ்பானர்களும் இடத்தில் இருக்க, வீல் ஸ்பானரின் உருவம் மட்டும் காலியாக இருந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். பலகை நிறைந்தது. வேலை முடிந்தது என்று அவர் மனசு சொல்லிவிட்டது.

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு, "சத்தமே இல்லண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், மருந்துக்கடைத் திருப்பத்தில் டீச்சரின் காரிலிருந்து முன்பக்கத்து இடது சக்கரம் கழன்று தனியாக ஓடியது. சாலையைக் கடந்து மருந்துக்கடைப் படியில் மோதி விழுந்தது. கார் ஒருபக்கம் சாய்ந்து, தரையைக் கீறிக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றது. மெதுவாகப் போனதால் பிழைத்தார். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

படியில் விழுந்த சக்கரத்தை முதலில் பார்த்தது கடைக்குள் இருந்த அவர் மனைவி. வெளியே ஓடிவந்து பார்த்தவளுக்கு அது யார் கார் என்று தெரிந்தது. டீச்சரை இறக்கி உட்கார வைத்து, கைக்குக் கட்டுப் போட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போன் செய்தாள். "நீங்க இங்க வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. யாரோ கூப்பிட்டு ஒரு மெக்கானிக் தன் பிக்கப் வண்டியோடு வந்து, காரைத் தூக்கிச் சக்கரம் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கம்பெனியில் அவனை எல்லாரும் 'நெட்டை' என்பார்கள். பதினோரு வருஷம் அவருடைய ஜன்னலில் சீட்டு நீட்டியவன்.

"யாருங்க இந்தச் சக்கரத்த மாட்டினது? நட்டு இறுக்கவே இல்லையே" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவன் இவரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, ஸ்டோர் அண்ணே. நீங்க எங்க இந்தப் பக்கம்?"

தையல்காரர் சொன்னார், "இவருதாம்பா மாட்டினாரு. எங்க தெரு மெக்கானிக்."

"இவரா? இவரு எதுக்கு இதுல கை வெக்கிறாரு, இவரு ஸ்டோர்ல..." என்று ஆரம்பித்த நெட்டை, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல மனசு அவனுக்கு. சமாளித்தான். "அதாவது ஸ்டோரும் பாப்பாரு, வண்டியும் பாப்பாரு. ரெண்டும்தான். இல்லண்ணே?"

இவர் தலையை ஆட்டினார். "ஆமா. ரெண்டும்தான்."

பிற்பாடு அவர் எதை நினைத்தாலும் இந்த இடத்துக்கு வந்துதான் மனசு நிற்கும். சக்கரம் கழன்றது கூட மறதி. ஆனால் ஒருத்தி கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிற அந்த நேரத்திலும், யாரோ இரக்கப்பட்டு நீட்டிய பொய்யைக் கை நீட்டி வாங்கிக்கொண்டோமே என்று நினைக்கும்போது அவருக்கு உடம்பு கூசும். கூட்டத்தின் பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவர் தலையாட்டியதை அவள் பார்த்தாள்.

மத்தியானம் கடையிலிருந்து வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஸ்டோர்னா என்ன?"

அவர் சொன்னார். பெண் பார்த்த நாளிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"அப்போ என் தம்பியோட வேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எவ்வளவோ சமாளித்திருந்தார். இந்த ஒன்றை மட்டும் தனக்குள்ளேயே திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சினனிடம் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. சாமான் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான். வேன் புகை கக்கியது, மேட்டில் ஏறவில்லை. "மாமா, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று கொண்டுவந்து நிறுத்தினான். இவருடைய கம்பெனியில் வேன்களை எடுக்கமாட்டார்கள். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். இவர் இஞ்சின் மூடியைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, ஃபோர்மேன் தலையாட்டுவதைப் போலவே தலையை ஆட்டி, "இஞ்சின் போச்சு மாப்ள. இனிமே இதுக்குச் செய்யறதெல்லாம் வீண். தள்ளி விட்டுடு" என்றார். மச்சினன் மறுபேச்சுப் பேசவில்லை. வேனைப் பழைய இரும்புக்குப் போட்டான். அன்றிலிருந்து இன்னொருவர் வண்டியில் சம்பளத்துக்கு டிரைவர்.

"உண்மையாவே இஞ்சின் போயிருந்துச்சா?" என்றாள்.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"அன்னைக்கும் தெரியாது. இன்னைக்கும் தெரியாது."

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து பேச்சு, சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க என்ற அளவோடு நின்றது.

மறுநாள் அவர் டீச்சர் வீட்டுக்குப் போனார். எதிர்வீடுதான். பன்னிரண்டு அடி தூரம். அதைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. கேட் வரை போவார், திரும்புவார். கடைசியில் டீச்சரே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கண்ணா" என்றார். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. இடது கையால் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். கோணல்மாணலான சிவப்புக் குறிகள்.

"மறதி யாருக்கும் வரும்ணா, விடுங்க" என்று டீச்சரே ஆரம்பித்தார்.

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தான் மெக்கானிக் இல்லை, சக்கரம் கழற்றியதே அதுதான் முதல் தடவை என்று சொன்னார்.

டீச்சர் பேனாவை மூடிவைத்தார். "மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். தெரியாதுன்னு தெரிஞ்சே கை வெச்சீங்களா?" குரல் ஏறவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "தெனமும் என் பொண்ணு முன் சீட்டுல, அந்த இடது பக்கம்தான் உக்காந்து வருவா. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்."

அவர் கூனிக் குறுகி வெளியே வந்தார்.

மச்சினனைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனார். முதலாளியின் லாரிக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், கேட்கக் கேட்கச் சிரிப்பை இழந்தான். ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனபிறகும் முறுக்கினான்.

"அந்த வேன் தேறியிருக்குமா மாமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. வேற ஆள்கிட்டக் காட்டுன்னு நான் சொல்லியிருக்கணும். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. சொல்ல வாய் வரல."

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான் அவன். "ஒம்பது வருஷமா என் விதின்னு நெனச்சுட்டு நிம்மதியா இருந்தேன். இனிமே உங்க மூஞ்சிய நெனச்சுக்கிட்டு இருக்கணும்."

டீ கூடச் சொல்லாமல் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு பட்டறைக் கதவு ஒன்றரை மாதம் திறக்கவில்லை. தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டீச்சர் சொல்லவில்லை. அவரே தையல்காரரிடம் சொன்னார், தையல்காரரிடம் சொன்னால் போதும். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. 'மெக்கானிக்' என்று கூப்பிட வாய் வந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டு, கூப்பிட வேறு பெயர் தெரியாமல் தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலுக்கு அவர் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. அதைவிட யாராவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒரு மழைநாளில் நெட்டை வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஷெட் வாசலில் நின்று, கதவைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினான். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மூடினான்.

"அண்ணே, நான் மழை வந்தா தார்ப்பாய் கட்டிக்கிட்டு ரோட்டோரம் படுத்து வேலை பாக்கறேன். பதிமூணு நம்பர் ஸ்பானர இந்த மாசம் மூணு வாட்டி தொலைச்சிருக்கேன். இங்க என்னடான்னா ஷோரூம் மாதிரி வெச்சுப் பூட்டி வெச்சிருக்கீங்க. நான் வேலை பாக்கறேன். நீங்க ஸ்டோர் பாருங்க."

"இந்தத் தெருவுல எவன் வண்டி விடுவான்?"

"உங்கள நம்பி விட வேணாம். என்னை நம்பி விடட்டும்."

அது சுருக்கென்று குத்தியது. ஆனால் அதில் பொய் இல்லை. வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். நெட்டையின் பெயருக்கு நேரே 'மெக்கானிக்' என்றும், தன் பெயருக்கு நேரே 'ஸ்டோர்' என்றும் அவரே எழுதினார். இரண்டாவதை எழுதும்போது பின்னால் தெருவில் யாரோ நின்று படிப்பது தெரிந்தது. காது சுட்டது. எழுத்து கோணாமல் முடித்தார்.

நெட்டை முதல் நாளே ஒரு சட்டம் போட்டான். வண்டி கேட்டைத் தாண்டும்வரை எடுத்த ஸ்பானர் எதையும் திரும்ப மாட்டக்கூடாது. பலகையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வண்டி கிளம்பும்முன் நெட்டை இறுக்கிய நட்டுகளை இவர் ஒரு தடவை எண்ணிச் சரிபார்ப்பார். அவன் சிரிப்பான். இவர் சிரிக்கமாட்டார்.

வண்டிகள் வந்தன. முதலில் வேற்றுத் தெரு வண்டிகள், பிறகு தையல்காரரின் ஸ்கூட்டர். டீச்சர் கட்டுப் பிரித்தபின் பழையபடி பேசினார். ஆனால் காரை வேறு எங்கேயோ விட்டுச் சரிபார்த்துக்கொண்டார். அது நியாயம் என்று அவர் நினைத்தார். அந்தக் கார் எதிரே கிளம்பும்போதெல்லாம் அவர் ஷெட்டுக்குள் போய்விடுவார். மனைவி ஷெட்டுக்கு டீ கொண்டுவர ஆரம்பித்தாள். நெட்டையிடம் கையில் கொடுப்பாள், இவருக்கு மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில் மச்சினன் வந்தான். லாரி தெருமுனையில் நின்றது. அறுந்துபோன ஃபேன் பெல்ட் ஒன்று அவன் தோளில் கிடந்தது. நெட்டை வண்டிக்கு அடியில் இருந்தான். மச்சினன் இவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"இது இருக்குமா?"

இவர் பெல்ட்டை வாங்கவில்லை. லாரியின் மாடலையும் வருஷத்தையும் மட்டும் கேட்டார். உள்ளே போய்ப் புதிய பெல்ட் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார்.

"இதுதானா? நிச்சயமா?" என்றான் மச்சினன். அந்த 'நிச்சயமா'வில் ஒன்பது வருஷம் இருந்தது.

"இது எனக்குத் தெரிஞ்ச வேலை மாப்ள" என்றார்.

மச்சினன் வெளியே வெயிலுக்குப் போய், பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அங்குலம் அங்குலமாக விரலால் தடவி ஒத்துப்பார்த்தான். நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான், பல் எண்ணினான். அவன் எண்ணி முடிக்கும்வரை அவர் வாசலில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.